கழுவும் அறைக் கதவில் ஒரு அறிவிப்பு

பத்தொன்பது வருஷம் பாட்டில் கழுவினால் கண்ணுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். எந்தக் கண்ணாடியைக் கண்டாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கச் சொல்லும். பளிங்கக்காவுக்கு அது போகிற இடமெல்லாம் கூடவே போனது. நாத்தனார் வீட்டில் குடிக்கக் கொடுத்த டம்ளரை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்ததில், அந்த அம்மாள் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பது வீட்டுக்காரர்தான். பஸ் டிப்போவில் டிக்கெட் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர். சாயங்காலம் அவளுக்கு முன்னாலேயே வந்துவிடுவார். அவர் கவிழ்த்து வைத்த தட்டை அவள் எடுத்து ஒரு பார்வை பார்ப்பாள்.

“பாஸா ஃபெயிலா, அதையாவது சொல்லிட்டுப் போ” என்பார் அவர்.

அவள் வேலை பார்த்தது ஓர் ஆராய்ச்சி நிலையத்தில். கீழே ஒரு ஆய்வுக்கூடம், மாடியில் ஒன்று. நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்த செல்களைத் தட்டுகளில் வளர்த்து, எந்த மருந்துக்கு அவை என்ன செய்கின்றன என்று பார்ப்பார்கள். அந்தச் செல்கள் குடித்து வளர வேண்டிய திரவத்தை அவள் கழுவின பாட்டில்களில்தான் கலந்து வைப்பார்கள். பாட்டிலில் ஒரு பொட்டு சோப்பு தங்கினாலும் செல் செத்துப்போகும். அதனால் முதலில் சோப்பு, பிறகு குழாய்த் தண்ணீரில் ஆறு தடவை, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தடவை. கடைசியில் பாட்டிலைச் சாய்த்துப் பார்ப்பாள். தண்ணீர் ஒரே மெல்லிய போர்வையாக வழிந்தால் சுத்தம். எங்காவது முத்து முத்தாக நின்றால் மறுபடியும் முதலிலிருந்து. எந்திரம் வாங்கித் தருகிறோம் என்று இரண்டு தடவை சொன்னார்கள். இரண்டு தடவையும் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. பளிங்கு என்று யார் முதலில் பேர் வைத்தார்கள் என்பது யாருக்கும் ஞாபகமில்லை, அவளுடைய நிஜப் பேரும்தான்.

அப்படிப்பட்டவளுடைய கதவில்தான் ஒரு புதன்கிழமை காலையில் அது ஒட்டியிருந்தது. பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்ட தாள். நாலு பக்கமும் டேப். டீ குடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

‘கழுவும் பிரிவின் கவனக்குறைவால் கீழ்த்தள ஆய்வுக்கூடத்தில் செல்கள் தொடர்ந்து இறந்து வருகின்றன. பாட்டில்களைப் பயன்படுத்தும் முன் ஒவ்வொருவரும் மீண்டும் ஒருமுறை கழுவிக்கொள்ளவும். நிர்வாகம்.’

அவள் இரண்டு தடவை படித்தாள். காது மடல் சுட்டது. நேரே ஸ்டோருக்குப் போனாள். ரசாயனம், கையுறை, ஊசி, குழாய், கழுவும் அறை எல்லாம் அங்கே உட்கார்ந்திருந்த மேனேஜரின் பொறுப்பு.

“சார், கதவுல அது யார் ஒட்டினது?”

“நான்தான்க்கா. மூணு வாரமா கீழ எல்லாம் சாகுது. மேலிடத்துலேர்ந்து போன் மேல போன். ஏதாவது செஞ்சாகணும்ல?”

“ஏதாவது செய்யணும்னா அது என் கதவுலதான் செய்யணுமா?”

“உங்களை யார் சொன்னா? பிரிவைத்தான் சொல்லியிருக்கு.”

“பிரிவுல நான் ஒருத்திதானே சார் இருக்கேன்!”

மேனேஜர் பேனாவை மூடித் திறந்தார். “கோபப்படாதீங்க. மாசக் கடைசியில உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும். இந்த நேரத்துல கொஞ்சம் அனுசரிச்சுப் போனா உங்களுக்குத்தான் நல்லது.”

“ஒரே தொட்டியில கழுவின பாட்டில்தான் மாடிக்கும் போகுது. அங்க எதுவும் சாகலையே?”

“அது அவங்க அதிர்ஷ்டம்” என்றார் அவர்.

பதினொரு மணிக்கு டீ வந்தது. நிலையத்து எலக்ட்ரீஷியன் ஒரு வாயாடி, ஆனால் கெட்டவரில்லை. டம்ளரை எடுத்தவர் சட்டென்று கீழே வைத்தார். “இருங்க, இது அக்கா கழுவினதா? அப்போ நான் ஒரு தடவை கழுவிட்டு வரேன், சின்ன வயசுலயே செத்துப்போக எனக்கு இஷ்டமில்ல.” நாலைந்து பேர் சிரித்தார்கள். பளிங்கக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த நாற்பது பாட்டிலையும் மறுபடி கழுவினாள். கழுவிக்கொண்டிருக்கும்போதே தன் மேலேயே ஆத்திரம் வந்தது. தப்பு செய்யாதவள் எதற்காக இரண்டாம் தடவை கழுவுகிறாள்?

சாயங்காலம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் சொன்னார்: “விடேன். பாட்டில்தானே.”

“நீங்க ரிப்பேர் பார்த்த மெஷினாலதான் பஸ்ஸு ஓடலைன்னு டிப்போ வாசல்ல ஒட்டட்டும், விடுவீங்களா?”

அன்றைக்குத் தட்டுகளை அவர் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தார்.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் தீர்ந்துபோன பாட்டில்களை அப்படியே குப்பையில் போடக் கூடாது. பெரிய பிரஷர் குக்கர் மாதிரி ஒரு மெஷினில் ஆவியில் வேகவைத்த பிறகுதான் எறிய வேண்டும். மறுநாள் மாடிக் கூடையையும் கீழ்க் கூடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது கை நின்றது. இரண்டிலும் காலி சீரம் பாட்டில்கள். சீரம் என்பது கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது. தாய்ப்பால் மாதிரி, அது கலந்தால்தான் செல் வளரும். குளிரில் இல்லாவிட்டால் பால் மாதிரியே கெட்டும் போகும். ஒரே கம்பெனி, ஒரே மூடி. ஆனால் லேபிளில் இருந்த நம்பர் வேறு வேறு. மாடியில் பழைய சரக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கீழே புதுசு.

புதுசு வந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. ஞாபகமில்லாமல் என்ன, தரையைத் துடைத்தவளே அவள்தான். மூன்று நாள் லீவு முடிந்து வந்த காலை, ஸ்டோர் கதவுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி கிடந்தது. உள்ளே இருந்த ஐஸ் உருகி, அடி அட்டை ஊறி, தண்ணீர் நடைபாதை வரைக்கும் வந்திருந்தது. ‘வந்ததும் ஃப்ரீசரில் வைக்கவும்’ என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருந்தது. பெட்டியை வாங்கிக் கையெழுத்துப் போட்ட மேனேஜர் லீவுக்குக் கிளம்புகிற அவசரத்தில் அங்கேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். “சார், எல்லாம் உருகிக் கிடக்கு” என்று அவள் சொன்னதற்கு, “உள்ள வெச்சா திரும்ப உறைஞ்சிடும்க்கா” என்று சொல்லித் தானே தூக்கி ஃப்ரீசரில் வைத்ததும் அதே மேனேஜர்தான்.

தெரிந்துகொண்டே ஒட்டியிருக்கிறார்! அல்லது தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்திருக்கிறார். எது மேல் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

இரண்டு காலிப் பாட்டில்களையும் கையுறைக் கையில் பிடித்துக்கொண்டு கீழ்த்தள டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். மூன்று வாரமாகத் தூக்கமில்லாத முகம் அந்த அம்மாளுக்கு.

“மேடம், என் பாட்டில் ரெண்டு எடுங்க. நீங்களே எடுங்க, நான் தொடலை. ஒண்ணுல மாடி சீரத்தை ஊத்தி வளர்த்துப் பாருங்க, ஒண்ணுல உங்க சீரத்தை. என் பாட்டில்தான் காரணம்னா ரெண்டும் சாகட்டும். அப்புறம் நானே வீட்டுக்குப் போறேன்.”

டாக்டரம்மா இரண்டு லேபிளையும் மாறி மாறிப் பார்த்தார். “அந்தப் பெட்டி எத்தனை நாள் வெளிய இருந்துச்சு?”

“மூணு நாள். தரையை நான்தான் துடைச்சேன்.”

“என்கிட்ட ஏன் அப்பவே சொல்லலை?”

“பெட்டிக்குப் பொறுப்பானவர்கிட்ட சொன்னேன் மேடம். தண்ணி துடைக்கிறவ வேற யார்கிட்ட போய்ச் சொல்வா? இப்போகூட கதவுல ஒட்டினதாலதான் உங்க அறைக்குள்ள வந்திருக்கேன்.”

அடுத்த வியாழக்கிழமை டாக்டரம்மாவே கழுவும் அறைக்கு வந்து கூப்பிட்டார். மைக்ரோஸ்கோப் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டார். முதல் தட்டில் செல்கள் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு, கையைக் காலை நீட்டித் தூங்குகிற பிள்ளைகள் மாதிரி பரவிக் கிடந்தன. அது மாடி சீரம். இரண்டாவதில் எல்லாம் உருண்டை உருண்டையாகச் சுருண்டு மிதந்தன.

“ஒரே மாதிரி பாட்டில்தான்க்கா. உங்க மேல தப்பில்லை.”

பளிங்கக்கா கண்ணை எடுக்காமல் கேட்டாள்: “இதுதானா அது?”

“எது?”

“நான் கழுவறது இதுக்காகத்தானா? பத்தொன்பது வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், கூப்பிட்டுக் காட்டணும்னு இந்தக் கட்டடத்துல ஒருத்தருக்கும் தோணலையே மேடம். செத்தப்போ மட்டும் என் கதவு எல்லாருக்கும் தெரிஞ்சுது.”

டாக்டரம்மா முதல் தட்டையே மறுபடி லென்ஸுக்குக் கீழே நகர்த்தி வைத்தார்.

வெள்ளிக்கிழமை அந்தப் புது சரக்கைக் கொட்டச் சொல்லி உத்தரவு வந்தது. திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் கதவில் அறிவிப்பு இல்லை. டேப் ஒட்டியிருந்த இடத்தில் நாலு பிசுக்குக் கோடு மட்டும். எல்லாரும் போன பிறகு யாரோ சத்தமில்லாமல் உரித்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை இல்லை. ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

அவமானத்தை அவள் எப்படியோ தாங்கிக்கொண்டிருந்தாள். இதைத் தாங்க முடியவில்லை. ஸ்டோர் வாசல் குப்பைத்தொட்டியைக் கிளறினாள். பிளாஸ்டிக் உறை போட்ட தாள். கசக்கக்கூட முடியாமல் முழுசாகக் கிடந்தது. ஈரத் துணியால் துடைத்தாள், பழக்க தோஷம். புது டேப் போட்டு, அதே கதவில், அதே உயரத்தில் ஒட்டினாள்.

மேனேஜர் ஓடி வந்தார். “என்னக்கா இது? அதான் எடுத்தாச்சே!”

“ஒட்டும்போது ஊர் பார்க்க ஒட்டினீங்க. எடுக்கும்போது மட்டும் திருட்டுத்தனமாவா? பதினோரு மணிக்கு டீ வரும். அப்போ வந்து எடுங்க.”

“வேலைக்கு ஆபத்து தேடிக்காதீங்க. சொல்லிட்டேன்.”

“பரவாயில்ல சார். அதுவரைக்கும் அது அங்கயே இருக்கட்டும். படிக்கிறவங்க படிக்கட்டும், டாக்டரம்மாவும் இந்த வழியாத்தான் வருவாங்க.”

டாக்டரம்மா வந்தார். படித்தார். மேனேஜரைப் பார்த்தார். அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு நடைபாதையில் நல்ல கூட்டம். மேனேஜர் வந்து நகத்தால் டேப்பின் ஓரத்தைச் சுரண்டினார். அக்கா அதையும் கழுவுகிற மாதிரியே ஒட்டியிருந்தாள். வரவில்லை. இழுத்தார். தாளோடு ஒரு கையளவு பெயிண்டும் சேர்ந்து வந்தது.

“என்ன ஆச்சுன்னும் சொல்லிடுங்க சார்” என்றாள் அவள், கையைக் கட்டிக்கொண்டு.

“சீரம் கெட்டுப்போச்சு. பெட்டி வெளிய இருந்துடுச்சு.”

“அதுவா நடந்து போய் வெளிய உட்கார்ந்துதா?”

“நான்தான் வெச்சேன். போதுமா?”

யாரும் சிரிக்கவில்லை. எலக்ட்ரீஷியன் ஒரு டம்ளரைக் குழாயடிக்குக் கொண்டுபோய் அலம்பி, டீ ஊற்றி, அவளிடம் நீட்டினார். “தப்பாப் பேசிட்டேன்க்கா.”

“கழுவினது சரியில்ல” என்றாள் அவள். ஆனால் குடித்தாள்.

மாதக் கடைசியில் ஒப்பந்தத் தாள் வந்தது. நீட்டின மேனேஜர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பளிங்கக்கா அதை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் பார்த்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகுதான் பேனாவைக் கேட்டாள்.