சித்திரை வாய்க்காலில் தண்ணீர்

பதினொரு வருடங்களாக நான் நம்பாத அறிக்கை ஒன்று இருக்கிறது. எழுதியவன் நான்தான்.

காவல் நிலையத்தில் ரைட்டர் வேலை என்பது, சம்பவ இடத்தில் இல்லாத ஒருவன், பக்கத்தில் நின்று பார்த்ததுபோல எழுதுவது. பழைய கடிதத்தைப் பார்த்துப் புதுக் கடிதம் எழுதும் ஆபீஸ்காரர்களே, என் அவஸ்தை உங்களுக்குப் புரியும்.

பழைய ஃபைல்

குமார் அடிதடி வழக்கில் தேடப்பட்டவன். தகவல் கிடைத்து, சப்-இன்ஸ்பெக்டர் சுந்தரம் சார் காலையில் தனியாகவே வாய்க்கால் கரைக்குப் போனார். திரும்பி வந்து என் மேஜைமேல் ஒரு அரிவாளை வைத்தார். "வெட்ட வந்தான், சுட்டுட்டேன்" என்றார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். டம்ளர் பல்லில் மோதியது.

மேலிடத்துக்கு மதியத்துக்குள் அறிக்கை போகவேண்டும். இதேபோன்ற பழைய ஃபைல் ஒன்றை எடுத்தேன். 'எதிரி முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி ஓடி, திரும்பி அரிவாளை ஓங்கியதால்...' பெயரையும் இடத்தையும் மாற்றினேன். படித்துக் காட்டவா என்று கேட்டேன்.

"வேணாம்ப்பா. கையெழுத்து எங்க போடணும்னு மட்டும் காட்டு."

அஞ்சம்மாள் கேட்டது

குமார் இறந்ததுபற்றிய கோட்டாட்சியர் விசாரணையில் அறிக்கையை வாசிக்கும் வேலை எனக்கு. குமாரின் அம்மா அஞ்சம்மாள் முன்வரிசையில் இருந்தார். நடவு வேலைக்குப் போகிறவர். அழுகை இல்லை. கணக்குப் பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் வந்த வரியில் கையைத் தூக்கினார்.

நிலையத்தில் யார் கண்ணிலும் படாத தவறு அது. சம்பவம் நடந்தது சித்திரையில். எங்கள் வாய்க்கால்களுக்குத் தண்ணீர் வர மேட்டூர் அணை திறக்கவேண்டும், அதற்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. நானும் இந்த ஊர்க்காரன்தான்.

"ஏன் சார், சித்திரையில அந்த வாய்க்கால்ல ஆடு மேயும். முழங்கால் தண்ணி எங்கேர்ந்துங்க வந்துச்சு?"

ஏதோ எழுத்துப் பிழை என்று குறித்துக்கொண்டு விசாரித்தவர்கள் மேலே போனார்கள்.

மோட்டார்

ஊர் அப்படி மேலே போகவில்லை. அந்த வருடம் ஒரு விவசாயியின் பம்புசெட் மோட்டார் திருடு போனது. அவர் புகார் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டு நானே வீடு தேடிப் போனேன். காப்பி கொடுத்தார், மரியாதையாகத்தான் பேசினார்.

"மோட்டாரோட போகட்டும் ரைட்டரய்யா. நீங்க எழுதினா, அதுவே முழங்கால் தண்ணியில இறங்கி ஓடிட்டுதுன்னு வரும்."

சிரித்தேன். வண்டியை எடுத்தபின் சிரிக்க முடியவில்லை.

பட்டா

போன வைகாசியில் அஞ்சம்மாள் நிலையத்துக்கு வந்தார். மனைப்பட்டா தொலைந்துவிட்டதாம், போலீஸ் சான்று வேண்டுமாம். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. எங்கே, எப்போது தொலைந்தது என்று கேட்டேன்.

"தொலைஞ்சுதுன்னு எழுதுங்க சார். நீங்க எழுதுனா நடந்ததாயிடுமே."

குத்திக்காட்டவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார். எழுதினேன். வாங்கி மடித்து மஞ்சப்பையில் வைத்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"எம் புள்ள கையில அருவா இருந்துச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார். இருந்துச்சுன்னாலும் தாங்கிக்கிறேன்."

தலைத்தண்ணீர்

சுந்தரம் சார் ஓய்வு பெற்று, கும்பகோணம் பக்கம் சொந்த ஊரில் குறுவை நெல் போடுகிறார். ஆனியில் போனேன். அன்றுதான் அவர் வாய்க்காலுக்கு வருடத்தின் முதல் தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக அது நகர்ந்து வர, நாங்கள் இருவரும் கூடவே கரையில் நடந்தோம். மடை திறக்க நான்தான் மண்வெட்டி பிடித்தேன். "நல்ல நாள் பார்த்து வந்தேப்பா, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். நல்ல மனிதர். என் மகள் பிரசவத்துக்கு ரத்தம் கொடுத்தவர். அவர்மேல் சந்தேகப்பட்ட ஒவ்வொரு வருடமும் என்மேல்தான் எனக்கு வெறுப்பு வந்தது.

அடுத்தவர் சொன்னதை எழுதியே முப்பது வருடம் சம்பளம் வாங்கியவனுக்கு, சொந்தமாக ஒரு வரி பேசப் பதினொரு வருடம் பிடித்தது.

"சார், அறிக்கையில தண்ணியைச் சேர்த்தது நான். அருவாளைச் சேர்த்தது யாரு?"