அன்றைக்கு ஓக்லஹோமாவில் இல்லாதவன்

அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்த மாட்டுச் சந்தை ஊரில் வெண்டெல் ஹ்ருஷ்காவைத் தெரியாதவர் கிடையாது. மாட்டு லாரி ஓட்டுகிறவன். ஏற்றி வந்த கன்றுக்கு ஒரு சிராய்ப்பு என்றாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவனைப் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்திய போலீஸ்காரர், கணினியைப் பார்த்துவிட்டு விலங்கு மாட்டினார். ஓக்லஹோமா மாநிலத்தில் கன்றுகளைத் திருடி விற்றதாக அவன் பேரில் வாரன்ட். விற்றவன் காட்டியது வெண்டெலின் காணாமல்போன லைசென்ஸ்.

எடுத்தது யார் என்று அந்த நிமிஷமே அவனுக்கு விளங்கிவிட்டது. தம்பி லீலண்டுக்கு அப்படியே அண்ணன் முகம்.

சிறையில் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. சுவருக்கும் கம்பிக்குமாக நடந்தான். அரசாங்கம் அமர்த்திய வக்கீலம்மா வந்ததும், "நான் திருடலம்மா" என்று ஆரம்பித்தான்.

"ஐயோ, அதை இங்க யாரும் கேக்கவே மாட்டாங்க வெண்டெல்! அது ஓக்லஹோமா கோர்ட்டோட பாடு. அவங்க ஆளுநர் கேட்டா நம்ம ஆளுநர் ஆளை அனுப்பணும். காகிதம் சரியா, அந்த ஆளு நீங்கதானா, அன்னைக்கு அங்க இருந்தீங்களா, இங்க இவ்வளவுதான் பேச்சு. அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

என்ன கூத்து பாருங்கள்! குற்றமே செய்யவில்லை என்று தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்க ஆளில்லை.

கன்றுகள் விற்ற அன்றைக்கு இங்கே நெப்ராஸ்காவில் பனிப்புயலில் ரோடு மூடிக் கிடக்க, அவன் லாரியின் முன்சீட்டில் லீலண்டின் மனைவி கோரின் பிள்ளை பெற்றாள். கூட இருந்தது அவன் ஒருவன்தான். அவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், "உன் புருஷன் எங்கே?" என்றுதானே அடுத்து கேட்பார்கள்? கைக்குழந்தைக்காரியின் வாயாலேயே அவள் புருஷனைப் பிடித்துக் கொடுப்பதா?

"என்னை அங்க அனுப்புறதை எதிர்க்கலன்னு கையெழுத்துப் போட்டுர்றேன். அங்க போய் ஒத்துக்கிட்டு உள்ள இருந்துட்டு வர்றேன்" என்றான் வக்கீலம்மாவிடம்.

கோர்ட்டில் ஓக்லஹோமா போலீஸ்காரர் அவனைக் கூட்டிப்போகத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா எதிர்க்கிற உரிமை போயிடும். யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்றார் நீதிபதி.

"இல்லைங்க ஐயா."

பேனாவை எடுத்தான். பின்வரிசையில் குழந்தையோடு கோரின் எழுந்தாள்.

"போடாதீங்க வெண்டெல்! ஐயா, அன்னைக்கு இவரு எங்கூட இருந்தாரு. இந்தப் புள்ளையைக் கையில வாங்குனதே இவருதான். ஓக்லஹோமாவுல இருந்தது எம்புருஷன்."

"வாயை மூடு கோரின்! பைத்தியமா உனக்கு? அவன் உள்ள போனா நீ என்ன பண்ணுவ?"

"அவரு நேத்தே ஓடிட்டாரு. 'பயப்படாத, அண்ணன் ஒரு முட்டாள், காட்டிக்குடுக்க மாட்டான்'னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனாரு. அதைக் கேட்டுட்டு நான் எப்படி வாயை மூடுறது?"

வெண்டெலுக்கு முகமெல்லாம் எரிந்தது. கையெழுத்துப் போடாமலே பேனாவைக் கீழே வைத்தான்.

"எந்தப் பக்கம் போனாருன்னு தெரியுமாம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

கோரின் தெரியாது என்று தலையாட்டினாள்.

"கொலராடோ" என்றான் வெண்டெல். "எங்க மாமா பண்ணை அங்க இருக்கு. வேற எங்கயும் போக அவனுக்கு வழி தெரியாது."

சொல்லிவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.