ரோலில் மிஞ்சிய ஒரு படம்

போன ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் ஒரு மண்டபத்தில் என் தம்பி மகள் நித்யாவுக்கு நிச்சயதார்த்தம். மணப்பெண் அறைக்குள் நுழைந்ததுமே மூக்கில் ஏறியது முடி கருகும் வாசனை. அலங்காரத்துக்கு வந்திருந்த பெண் நித்யாவின் முடியைக் கொத்துக் கொத்தாகப் பிடித்துச் சூடான இடுக்கியில் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வட்ட விளக்கு, அதன் பின்னால் தாடி வைத்த போட்டோகிராபர் இளைஞர். "சிஸ்டர், முதுகு காட்டி உக்காருங்க. ஹேர் ஷாட் ஒண்ணு."

நித்யா என் நிறம், நல்ல கறுப்பு. எங்கள் குடும்பத்தில் அது தலைமுறைக்கு ஒருத்தியைத் தேடி வந்துவிடும். போட்டோகிராபர் எடுத்த படத்தைப் போனில் எனக்குக் காட்டினார். முடி நன்றாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே தெரிந்த முதுகும் கைகளும் யாருடையவை என்று எனக்குத் தெரியவில்லை. சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தன.

"ஸ்கின் மட்டும் கொஞ்சம் பிரைட் பண்ணிருக்கேன் ஆன்ட்டி."

"யார் பண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லல. எல்லாருக்கும் பண்றதுதான்."

"முதல்ல எடுத்தது எங்க?"

"அது மேலயே சேவ் பண்ணிட்டேன்."

என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். தம்பி வாசலில் வந்து நின்று, "அக்கா, இன்னிக்கு ஒரு நாள் சும்மா இரேன்" என்றான். ஒரு நாள் என்ன, நாற்பது வருஷமாகச் சும்மா இருந்துதான் பார்த்துவிட்டேன். அவனுக்கு அது தெரியாது. அப்போது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தேதிப் பைத்தியம் உண்டு. வாடகை நூலகப் புத்தகங்களைப் படித்து முடித்த நாளைக் கூட எங்கேயாவது குறித்து வைப்பவள். பஸ் டிக்கெட்டில், மருந்துச் சீட்டின் பின்னால். வீட்டில் யாருக்கும் எந்த வருஷம் எது நடந்தது என்று தெரியாவிட்டால் என்னைக் கேட்பார்கள். ஆனால் இந்த விஷயத்துக்கு நான் எதையும் குறித்து வைக்கவில்லை. எண்பத்து நான்காம் ஆண்டு, மாசி மாதம், சிவராத்திரிக்கு முந்தின வாரம். குறிக்காமலே நிற்கிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கிண்டியில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். தாம்பரத்திலிருந்து காலை ரயில். பெண்கள் பெட்டியில் எனக்குப் பெயர் கிடையாது, "அந்த முழங்கால் முடி" என்றுதான் சொல்வார்கள். நான் உட்கார்ந்தால் பின்னலை மடியில் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் யாராவது மிதித்துவிட்டு என்னையே முறைப்பார்கள். கூந்தலைப் பற்றி நம் ஆட்கள் ஈராயிரம் வருஷமாக எழுதிக் குவித்திருப்பதில் முக்கால்வாசியை நான் படித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதைச் சிக்கெடுக்க ஒரு மனுஷிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதியவர் ஒருவரும் இல்லை.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட் பக்கம், ஒரு தானியக் கடையின் மாடியில் லோகு அண்ணனின் ஸ்டுடியோ இருந்தது. படியேறும்போது கீழே மிளகாய், மல்லி வாசனை. மேலே போனால் படம் கழுவும் மருந்துத் தண்ணீரின் புளித்த வாசனை. இன்றைக்கும் மளிகைக் கடையில் மிளகாய் மூட்டையைக் கடக்கும்போது முகத்தைச் சரிசெய்துகொள்ளக் கை போகிறது. அண்ணன் ஒரு நாள் அம்மாவை வழியில் நிறுத்திக் கேட்டார். புதிதாக ஒரு கூந்தல் தைலக் கம்பெனி. லேபிளுக்குப் படம் வேண்டும். டோப்பா இல்லாத நிஜ முடியாக வேண்டும்.

அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரே நிபந்தனை போட்டார்: "முகம் தெரியக்கூடாது. பொண்ணு பாக்க வர்றவங்க வீட்டு அலமாரில இவ மூஞ்சி பாட்டில்ல நிக்கக்கூடாது." எல்லோரும் சரி என்றார்கள். நானும் சரி என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

படம் எடுக்கும் நாளன்று அம்மா ஒரு காரியம் செய்தாள். தைல விளம்பரமாயிற்றே என்று, முந்தின இரவே அரைப் படி தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி என் தலையில் ஊற்றிவிட்டாள். ஜாக்கெட் முதுகெல்லாம் எண்ணெய். அந்தக் கோலத்தில் மாடியேறினேன். லோகு அண்ணன் விளக்கைப் போட்டார், பார்த்தார், விளக்கை அணைத்தார்.

"இன்னாக்கா இது, கயிறு மாரி ஒட்டிகினு கீது?"

"தைலத்துக்குத்தானே படம்?" என்றாள் அம்மா.

"தைலத்துக்குத்தான்க்கா. ஆனா எண்ண வெச்சா படத்துல எண்ணதான் தெரியும், முடி தெரியாது. இட்டுகினு போய் சீக்கா போட்டு அலசி, காய வெச்சு இட்டுகினு வா."

கம்பெனிக்காரர், சஃபாரி உடுப்பில் வந்திருந்தவர், தன் தைலத்தைத் துளி கூடத் தொடாத தலைதான் தன் தைலத்துக்கு விளம்பரம் என்பதைக் கேட்டும் முகம் மாறாமல் உட்கார்ந்திருந்தார். நான் வீட்டுக்குப் போய் எண்ணெய் போக இரண்டு தடவை அலசி, மொட்டை மாடியில் காயவைத்துத் திரும்பி வருவதற்குள் மதியம் சாய்ந்துவிட்டது.

லோகு அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொழில் தெரிந்தவர். கறுப்பு முடி வெளிச்சத்தை விழுங்கிவிடும். நேரே முன்னாலிருந்து விளக்கடித்தால் முதுகில் ஒரு கறுப்புத் துணி தொங்குவது போலத்தான் விழும். அதனால் இடப்பக்கத்திலிருந்து ஒரு விளக்கு, அதன் முன்னால் வெண்ணெய்த் தாள் கட்டி. பின்னால், தலைக்கு மேலே, ஸ்டூலின் மேல் ஸ்டூல் வைத்து இன்னொன்று. அது பட்டதும் முடியின் ஓரம் முழுக்க ஒரு கோடு ஓடியது. பின்திரை கறுப்பாக இருந்தால் முடி அதில் முழுகிவிடும் என்று சாம்பல் நிறத் திரை. லேபிள் ஒல்லியும் உயரமுமாக இருக்கும் என்பதால் என்னை ஒரு மணையின் மேல் ஏற்றினார். முடி மேலிருந்து கீழ் வரை படத்தை நிரப்ப வேண்டுமாம்.

"தோள இறக்கு. மூச்ச விடு. இடது கையால நுனிய எடுத்துப் பக்கவாட்டுல காட்டு. கை இல்லேன்னா நீளம் தெரியாது பாப்பா. கைய வெச்சிதான் ஜனங்க அளப்பாங்கோ."

மேஜை விசிறி சுற்றியது. விளக்கின் சூட்டில் கழுத்து வேர்த்தது. ஒவ்வொரு படத்துக்கும் இடையில் அம்மா வந்து வகிட்டைச் சரிசெய்தாள். கடைசியில் கம்பெனிக்காரர் திருப்தியாகி டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனார். லோகு அண்ணன் கேமராவைத் தட்டிப் பார்த்தார்.

"ரோல்ல ஒண்ணு மிச்சம் கீது. கம்பெனிக்கு வேணாம், இது ஒனக்கு. திரும்பிப் பாரு."

திரும்பினேன். சிரிக்கவில்லை. நின்று நின்று கால் வலி, காலையில் இரண்டு தடவை தலை அலசிய எரிச்சல், பசி. அந்த எரிச்சலோடு தோளுக்கு மேலாக நேரே லென்ஸைப் பார்த்தேன். "அப்டியே இரு" என்றார். அதுவரை என்னை யாரும் அப்படி இருக்கச் சொன்னதில்லை. சிரி, குனி, வெளிச்சத்துக்கு வா, கொஞ்சம் பவுடர் போடு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

நாலு நாள் கழித்து நானும் அம்மாவும் அந்தப் பக்கம் போனபோது கழுவின பிலிமை டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிக் காட்டினார். கடைசிக் கட்டத்தில் நான். நெகட்டிவ் அல்லவா, முடி முழுக்க வெள்ளை. முகம் வெளுப்பு. அம்மா சிரித்துவிட்டாள். "ஐயே, கெழவி மாதிரி இருக்கா."

"பிரிண்டு போட்டா கறுப்பாயிடும்க்கா. சனிக்கெழம வாங்கோ."

எனக்கு அந்தச் சனிக்கிழமை வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் என் படங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் முகத்தில் அப்பிய பவுடர்தான் இருக்கும், நான் இருக்க மாட்டேன். என் நிறத்தோடு, என் எரிச்சலோடு, சரியான விளக்கின் கீழ் நான் எப்படி இருப்பேன் என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட ஆசைப்பட்டேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அம்மா அன்று ராத்திரி சாப்பாட்டின்போது பெருமையாகச் சொல்லிவிட்டாள். அப்பா மோருக்குக் கையை நீட்டினார்.

சனிக்கிழமை வேலை முடிந்து ஸ்டேஷனிலிருந்து நேரே மாடியேறினேன். லோகு அண்ணன் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த டிரேயைக் கீழே வைத்தார்.

"அப்பா ஒண்ணும் சொல்லலியா? முந்தாநேத்தே வந்து அந்த ஒண்ண வெட்டி வாங்கினு போய்ட்டாரே."

"எனக்குன்னு சொன்னீங்களே அண்ணா."

"சொன்னேன். பெத்தவரு வந்து கேட்டா நான் இன்னா பண்றது பாப்பா? நீ ஒரு வார்த்த கேட்டுப் பாரு, குடுத்துடுவாரு."

அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். பேப்பரை இறக்காமலே பதில் சொன்னார். "அது எதுக்கு வெளியில கிடக்கணும்? நாளைக்கு எவன் கையிலயாவது சிக்கினா?"

"எங்கப்பா வெச்சிருக்கீங்க?"

"வெக்கல. வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை குளிக்கப் போனபோது அடுப்பங்கரையில் ஒரு காட்டமான நாற்றம் வந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. யாரோ பிளாஸ்டிக் பையை எரித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளிக்கிற நாள். என் முகத்தை எரித்துச் சுடவைத்த தண்ணீரில்தான் அந்த முடியை நான் அலசியிருக்கிறேன்.

அப்பா கெட்டவர் இல்லை என்று அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. கெட்டவர்கள் கொளுத்தியிருந்தால் இவ்வளவு நாள் எரியாது.

ஆடி மாதம் சிவகாசியிலிருந்து லேபிள் அச்சாகி வந்தது. கடைகளில் பாட்டில்கள் நின்றன. நான் மார்க்கெட்டில் ஒரு கடை வாசலில் நின்று பார்த்தேன். முடி என்னுடையது. அந்த இடப்பக்கத்து வெளிச்சம், ஓரத்துக் கோடு எல்லாம் அப்படியே. ஆனால் அதன் உச்சியில் ஏதோ காலண்டரிலிருந்து வெட்டிய ஒரு ரோஜா நிற முகம் திரும்பிச் சிரித்தது. உயிருள்ள கழுத்து எதுவும் அப்படித் திரும்பாது. முகத்துக்கு வலப்பக்கத்திலிருந்து வெளிச்சம், முடிக்கு இடப்பக்கத்திலிருந்து. ஒரே லேபிளில் இரண்டு சூரியன். அது கூடப் பரவாயில்லை. முகம் வேண்டாம் என்று சொன்னது எங்கள் வீடுதானே. ஆனால் கை? நுனியைப் பிடித்திருந்த என் இடது கையை முழங்கை வரை அதே ரோஜா நிறத்தில் தீட்டி, சிவப்பு நகம் வைத்து, வளையல் அடுக்கியிருந்தார்கள்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடியேறினேன்.

"இது யார் கை?"

லோகு அண்ணன் பார்த்தார். பார்க்காமலே அவருக்குத் தெரியும். "பெயிண்டர் பண்ண வேல. செவப்பா இருந்தாதான் ஓடும்னு கம்பெனில சொல்லிட்டாங்கோ."

"முடி மட்டும் கறுப்பா இருக்கலாமா?"

"முடி கறுப்பா இருந்தாதான் பாப்பா தைலம் விக்கும்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

ரயிலில் ஒருத்தி வாங்கி வந்திருந்த அந்தப் பாட்டிலைப் பற்றிப் பேச்சு வந்தது. என் பக்கத்து சீட்டு ஜெயந்தி, குரோம்பேட்டையில் ஏறுபவள், லேபிளைக் காட்டி, "சினிமாக்காரியா இருக்கும். டோப்பாடி இது" என்றாள். மடியில் சுருட்டி வைத்திருந்த பின்னலைத் தூக்கி, "இதுதான் அது" என்றேன். அவள் லேபிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கையப் பாத்தியா அவளோடத? உன் கையையும் பாரு. ஏதோ ஒண்ணு பொருந்த வேணாமா?" பெட்டியே சிரித்தது. பல்லாவரம் வருவதற்குள் எல்லோரும் மறந்தும் விட்டார்கள். மறுநாளிலிருந்து கொண்டை போட்டுக்கொண்டு போனேன். ஏன் என்று ஒருத்தி கேட்கவில்லை. மிதிபடாமல் இருந்ததில் அவர்களுக்கும் சௌகரியம்.

பெண் பார்க்க வந்தவர்கள் கதையை விட்டுவிடலாம். முடியை அவிழ்த்துக் காட்டச் சொன்னவர்கள் உண்டு. முடியை மட்டும் கட்டிக்கொள்ள முடியாதே என்று வருத்தத்தோடு எழுந்து போனார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் பாட்டில்கள் போய் சாஷேக்கள் கடை வாசலில் சரமாகத் தொங்க ஆரம்பித்தபோது அந்தத் தைலம் காணாமல் போனது. ஒரு இரும்புக் கதவில் மட்டும் அந்த லேபிள் கொஞ்ச காலம் ஒட்டியிருந்தது. வெயிலில் முதலில் போனது ரோஜா நிறம். முகமும் கையும் வெளுத்து அழிந்த பிறகும் முடி மட்டும் தனியாகத் தொங்கியது. ஒரு நாள் அந்தக் கதவையும் காணோம். லோகு அண்ணன் கேளம்பாக்கம் பக்கம் மகனோடு போய்விட்டதாகக் கேள்வி. ஸ்டுடியோ இருந்த மாடியில் இப்போது போன் ரிப்பேர். கீழே தானியக் கடையும் இல்லை, மிளகாய் வாசனையும் இல்லை. அப்பா இல்லை. சண்டை போட வேண்டிய ஆட்கள் எல்லோரும் என்னை முந்திக்கொண்டுவிட்டார்கள்.

நிச்சயதார்த்தம் முடிந்து நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் போட்டோகிராபர் இளைஞர் வந்தார். என்னைச் சமாதானப்படுத்த நினைத்திருப்பார். "ஆன்ட்டி, உங்க ஹேர் செம. டை அடிக்காம ஃபுல் ஒயிட். ஒண்ணு எடுக்கட்டுமா? ஜஸ்ட் திரும்பிப் பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். சிரிக்கவில்லை. மண்டபத்தின் விளக்கு பின்னால் இருந்தது. அவர் போனில் இரண்டு மூன்று முறை விரலால் தேய்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். கேட்காமலே என் முகத்தையும் வெளுத்திருந்தார்.

வெள்ளை முடி, வெளுத்த முகம், தோளுக்கு மேலாக ஒரு முறைப்பு. டியூப்லைட்டுக்கு எதிரே லோகு அண்ணன் தூக்கிப் பிடித்த அதே கட்டம். இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். பிரிண்டு போட்டால் வந்திருக்கக்கூடிய அந்தக் கறுப்புப் பெண்ணை மட்டும் இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. நானும்தான்.