கசப்புக் காளானும் என் நாக்கும்

காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது. போகும்போது என் நாக்கின் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. எனக்குத் தொழிலே நாக்குதான். பசுந்தாங்கில் டான்பவுக் கடை வைத்திருக்கிறேன். பிரியாணிக்குப் பர்மியத்தில் அதுதான் பேர். ஏழு மாதம் கைப்பழக்கத்தில் உப்புப் போட்டு, மனைவியை ருசி பார்க்கச் சொல்லி, வெளியே மூச்சு விடாமல் ஓட்டினேன். மழைக்காலம் முடிவதற்குள் ருசி திரும்பாவிட்டால் கரண்டியை வேறு சமையல்காரரிடம் கொடுத்துவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடை விடுமுறை அன்று மிங்கலாடோனில் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் மரங்கள் அடர்ந்த காடு. என் மனைவிக்குக் காளான் என்றால் பைத்தியம். மழை விட்டதுமே கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். சும்மா கூடப் போன எனக்கும் அரை மணி நேரத்தில் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. சருகைத் தள்ளினால் இங்கே ஒன்று, அங்கே ஒன்று! பன் மாதிரி பழுப்புத் தலை, தடித்த தண்டு, தலைக்கு அடியில் பஞ்சில் ஊசி குத்தியதுபோலப் பொடிப்பொடி ஓட்டைகள். நான் அள்ளி அள்ளிப் போட்டேன். அவள் பாதியை எடுத்து எறிந்தாள்.

“எல்லாம் ஒண்ணு கிடையாது, கோகோ. தப்பானது ஒண்ணு விழுந்தாலும் சட்டி முழுக்கக் கசந்துடும்.”

கோகோ என்றால் பர்மியத்தில் அண்ணன்; புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் எறிந்தது விஷமில்லை, ஆனால் வாயில் வைக்க முடியாதாம். தண்டைத் திருப்பிக் காட்டினாள். நல்லதில் மெல்லிய வெள்ளை வலை ஓடியது. கசப்பானதில் அதே வலை கரும்பழுப்பாக, தடிப்பாக இருந்தது. முற்றினால் கசப்பானதின் அடிப்பக்கம் இளஞ்சிவப்பாகிவிடும், நல்லது மஞ்சளாகும். நான் அடுத்த பத்தையும் தப்பில்லாமல் பிரித்தேன். எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை. பிறகு ஒரு மரத்தடியில் குஞ்சுக் காளான்கள் ஒரு கூட்டமாக அகப்பட்டன. எல்லாவற்றுக்கும் அடிப்பக்கம் வெள்ளை, தண்டில் வலையே விழவில்லை.

“இதை எப்படிப் பிரிப்பே?”

“நாக்குலதான்,” என்றாள். சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கொடு, நானே பார்க்கிறேன் என்றேன். அவளுக்கு இந்த இரண்டு வகையும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். தெரியாத காளானில் இந்த விளையாட்டு ஆகாது. கண்ணை மூடச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் நகமளவு கிள்ளி, முதலில் தான் நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, பிறகு எனக்குக் கொடுத்தாள்.

“கா-லா?”

பர்மியத்தில் ‘கா’ என்றால் கசப்பு, ‘கா-லா’ என்றால் கசக்கிறதா. கல்யாணமான புதிதில் பாகற்காய்க் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அவள் ‘கா’ என்பாள். காரம் என்கிறாள் என்று நான் மிளகாயைக் குறைத்துக்கொண்டே போவேன். குழம்பு நாளுக்கு நாள் மோசமானது.

முதல் துண்டு ஈரக் காகிதம் மாதிரி இருந்தது. இல்லை என்று தலையாட்டித் துப்பினேன். இரண்டாவதும் அப்படியே. ரெண்டுமே கசப்பாக இருந்து, என்னிடம் சொல்ல முடியாமல் நிற்கிறாளோ என்று நினைத்தேன். மூன்றாவது துண்டை வைத்தாள். ஒன்றுமில்லை. துப்பப் போனேன். அப்போது நாக்கின் அடியில் ஏதோ சுரீர் என்றது. தொண்டை வரை போனது. முகம் தானாகக் கோணியது.

“கா,” என்றேன். “கா, கா. கசக்குதும்மா.”

கண்ணைத் திறந்தேன். அவள் கையில் முதல் இரண்டு காளான்களும் இருந்தன.

“இது ரெண்டும் நல்லது, கோகோ. கசப்பு அது ஒண்ணுதான்,” என்றாள். கண்ணில் நீர் நின்றது. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

நான் வாங்கவில்லை. அதே காளானில் இன்னொரு துண்டு கிள்ளித் தரச் சொன்னேன்.