ஒரு முழம் தள்ளி

சின்னமனூர்ப் பக்கம் என்னோடு வேலைபார்த்த இளம் வாத்தியார் அவர். ஒல்லி, காலர் தேய்ந்த சட்டை. எங்கள் மாதா கோவிலில் சாதிக்கொரு பக்கம் உண்டு. அவர் மட்டும் எங்கள் வரிசையை விட்டுவிட்டு, சேரி ஜனங்களோடு கடைசியில் உட்காருவார். அவர்களும் பயந்து ஒரு முழம் தள்ளியே உட்காருவார்கள்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில், இன்னாருக்கு இன்னார் என்று அறிவிக்கும் ஓலை வாசிக்க வேண்டும். அவருக்கு முதல் ஓலை வாசித்த அன்று கேட்டேன்: "இன்னும் ரெண்டு வாரந்தானே, முன்னால வந்து உக்காரலாம்ல? பொண்ணு வீட்டுக்காரக பாக்குறாக."

"பாக்கட்டும் சார். கட்டுனப்புறம் தெரிஞ்சா அந்தப் பிள்ளைக்கில்ல சங்கடம்?"

அடுத்த ஞாயிறு சாமியார் அவருடைய ஓலையை வாசிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அதே இடத்தில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். நான் முன்பக்கம் திரும்பிக்கொண்டேன்.