முழுப் பேர் சொல்லு

"அந்த மூடியை எடுங்க" என்றால் சித்தி எடுக்கமாட்டார். "எந்த மூடி? முழுப் பேர் சொல்லு" என்பார், கரண்டியும் கையுமாக. உலகத்தில் பொருள்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர் சித்தி ஒருவர்தான். மிச்சமுள்ள எண்ணூறு கோடிப் பேரும் அது, இது என்றே காலம் தள்ளுகிறவர்கள்.

காகித ஆலையில் அவருக்கு உத்தியோகமே அதுதான். இயந்திரங்களை ஓட்டுகிறவர்கள் பம்புகளை வாசல் பக்கமிருந்து எண்ணுவார்கள். பழுது பார்க்கிறவர்கள் தொட்டிப் பக்கமிருந்து. இரு பிரிவின் கம்ப்யூட்டர்களுக்கும் அதே பிடிவாதம். போன மாதம் ஆபரேட்டர் "ரெண்டாம் பம்பை நிறுத்தியாச்சு" என்றார். ஃபிட்டர் தன் கணக்கில் இரண்டாவதைக் கழற்றினார். அது ஓடிக்கொண்டிருந்தது. கொதிநீர் அவர் காலைப் பதம் பார்த்துவிட்டது.

அன்றிலிருந்து சித்தி செருப்புத் தேய நடந்து, அறுநூற்றுப் பன்னிரண்டு சாமான்களுக்கும் ஒவ்வொரு பெயர் வைத்து, இரு கம்ப்யூட்டர்களும் ஒப்புக்கொள்ளும்படி ஒரே பட்டியல் போட்டார். திங்கள் காலை அது இரண்டிலும் ஏறுகிறது. ஒரு வரி பிசகினாலும் இன்னொரு கால் வேகும்.

ஞாயிறு சாயங்காலம் கடைசிச் சரிபார்ப்பு. சித்தி வீட்டு மேசையிலிருந்து வாசிப்பார்; ஆலையிலிருந்து ஃபிட்டரும் ஆபரேட்டரும் தத்தம் திரையில் பார்த்து, போனில் "ஆமா" சொல்ல வேண்டும்.

"முன்னூத்தி நாலு. கூழ்த் தொட்டி, வடக்குப் பம்பு."

"ஆமாக்கா." "ஆமா மேடம்."

"முன்னூத்தி அஞ்சு. சித்தப்பாவின் குறட்டை. ராத்திரி பூரா ஓடும். நிறுத்துறதுக்கு வால்வு கிடையாது."

குரல் இம்மியும் மாறவில்லை.

"ஆமாக்கா." "ஆமா மேடம்."

சித்தி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எத்தனை வரியா இப்படிப் பாக்காமலே தலையாட்டிட்டு வர்றீங்க?"

"கண்ணு சொக்கிருச்சுக்கா" என்றார் ஃபிட்டர்.

"அது உங்க கால்ண்ணே."

"...முதல்லேர்ந்து வாசிங்கக்கா."

சித்தி பட்டியலை மேலே தள்ளி ஒன்றாம் வரிக்குப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

"முன்னூத்தி அஞ்சை நான் எழுதல. அவரைச் சித்தப்பான்னு கூப்பிடுற ஆளு இந்த வீட்ல ஒண்ணே ஒண்ணுதான். கதவுக்குப் பின்னால நிக்கிறது எது? முழுப் பேர் சொல்லு."

வாயைப் பொத்திக்கொண்டு நின்ற இதை எழுதுகிறவளுக்குத் தன் பெயரே ஒரு கணம் மறந்துபோயிற்று.

சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டே, பக்கத்து நாற்காலியைக் காலால் வெளியே தள்ளினார்.