ஊதச் சொன்னது நான்

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்த அஞ்சாம் வகுப்பை வைத்துக்கொண்டு சிவகாசியில் அச்சாபீஸ் போட்டேன். ஒரு தீபாவளிகூடத் தாண்டாது என்று சொன்னவர்கள் வீட்டுச் சுவரில் இன்றைக்கு நான் அடித்த காலண்டர்தான் தொங்குகிறது. எம். புதுப்பட்டி போகிற ரோட்டில் கருவேலங்காட்டை வெட்டிக் கல்யாண மண்டபம் கட்டினேன். தண்ணீரே கிடையாது என்று கைவிரித்த இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். வாசலில் என் பேர் பெரிசாக இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

போன மாசம் அந்த மண்டபத்தில் பல்கலைக்கழகத்து ஆட்கள் கூட்டம் போட்டார்கள். பட்டாசுத் தொழிலாளிகளின் உடல்நலமும் சமுதாயமும் என்று தலைப்பு. மண்டபத்தைச் சும்மாதான் கொடுத்தேன், ஏசியும் போட்டுவிட்டேன். ஒரு பையன் திரையில் படம் காட்டிப் பேசினான். இந்த ஆராய்ச்சி நேற்று ஆரம்பித்ததில்லையாம். அவன் பிறக்கிறதுக்கு முன்னாலேயே அவர்கள் ஆட்கள் இந்தப் பக்கம் வந்து ஜனங்களின் மூச்சை அளந்திருக்கிறார்களாம். ஜனங்களும் ஆர்வமாக ஒத்துழைத்தார்களாம். முன்வரிசையில் இருந்த எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

அந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. நான் சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயசு இருக்கும். வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். மழை பொய்த்து விதைத்த காடு காய்ந்ததும் அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள். மருந்து செலுத்துகிற அறையில் வேலை. மருந்து என்றால் வெடிமருந்து. சாயங்காலம் கம்பெனி வண்டியை விட்டு இறங்கும்போது புருவம், காது மடல் எல்லாம் அலுமினியப் பொடி மின்னும். எனக்கு அது அழகாக இருக்கும். அந்த வருஷம் அவளுக்கு இருமல் பிடித்தது. மருந்து செலுத்துகிற கை ஆடக் கூடாது, இருமல் நின்ற பிறகு வா என்று போர்மேன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டினாள். அப்பாவின் அக்காவும் நானும் கூடச் சுருட்டுவோம். குழாய் காய்ந்ததும் ஒவ்வொன்றையும் வாயில் வைத்து ஊத வேண்டும். உள்ளே கிடக்கிற பசைத் துணுக்கும் தூசியும் அந்தப் பக்கமாகப் பறக்கும். அது என் வேலை. எங்கள் தெருவில் என்னைப் போல ஊத ஆள் கிடையாது. அத்தைக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏலே, அப்படியே ஒங்க ஆத்தா நெஞ்சையும் ஒரு ஊது ஊதி விடுலே. வீட்டுல ஒருத்தராவது தூங்கணும்ல."

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஜீப் வந்தது. கண்ணாடி போட்ட ஒரு அம்மாவும், படிக்கிற பையன்கள் இரண்டு பேரும் இறங்கி, ரேஷன் கடை முன்னால் மேஜை போட்டார்கள். சுகாதாரத்துக்கும் சமுதாயத்துக்கும் உள்ள தொடர்பை ஆய்வு செய்ய வந்திருப்பதாகவும், எங்கள் சுவாசத் திறனைப் பதிவு செய்ய விரும்புவதாகவும் அந்த அம்மா ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி விளக்கினார். யாரும் அசையவில்லை.

"என்னத்துக்கு வந்திருக்காகளாம்?" என்றாள் ஒருத்தி.

"நம்ம பேரை எழுதிட்டுப் போயி கம்பெனியில காட்டுவாக. நாளைக்கு வண்டியில ஏத்த மாட்டான். வாங்கடி போவோம்" என்றாள் அத்தை.

கூட்டம் கலைந்தது. அப்போது கண்ணாடி போட்ட அம்மா முள் வைத்த ஒரு குழாயை எடுத்துக் கூட வந்த ஒரு பையன் வாயில் வைத்து, மூச்சை நன்றாக இழுத்து, உள்ளே இருப்பது அவ்வளவையும் வெளியே தள்ளச் சொல்லிக் காட்டினார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அது நான் தினமும் செய்கிற வேலைதானே! பக்கத்தில் கிடந்த கல்லில் ஏறிக் கத்தினேன்.

"ஊதுனா நெஞ்சுக்குள்ள இருக்க மருந்துத் தூசி பூராம் வெளிய வந்துரும்! நம்ம குழாய ஊதுறம்ல, அதே மாதிரிதான்!"

போனவர்கள் திரும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் வரிசை கிணற்றடி வரைக்கும் நின்றது. அத்தைதான் முதல் ஆள். நான் கத்தியதைக் கண்ணாடி போட்ட அம்மாவும் கேட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்னப்பயல் பேச்சு என்று விட்டாரோ, கூட்டம் சேர்ந்தால் சரி என்று விட்டாரோ, மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் அம்மா ஊதினபோது குழாயில் முள் அசைந்த மாதிரியே தெரியவில்லை. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போதும் என்றார்கள். அவள் போய் வரிசையின் கடைசியில் மறுபடி நின்றாள்.

"இன்னொருக்க ஊதிக்கிறேனே தாயி. அடியில கொஞ்சம் நிக்கிற மாதிரி இருக்கு."

அதற்கும் தடை சொல்லவில்லை. ஊத விட்டு, எழுதிக்கொண்டார்கள்.

அன்று அம்மா வயிறாரச் சாப்பிட்டாள். எம்புட்டு லேசாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அடுத்த வாரமே கருப்பட்டித் துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கம்பெனி வண்டி ஏறிவிட்டாள். "எல்லாம் வெளிய போயிருச்சுண்ணே" என்று போர்மேனிடம் சொன்னாளாம். தீபாவளி சீசன், ஆள் பற்றாக்குறை. அவரும் நோண்டிக் கேட்கவில்லை. வண்டிக்குப் பின்னால் புழுதியில் ரோடு முக்கு வரைக்கும் ஓடினேன். ஆத்தாளைச் சொஸ்தப்படுத்தியவன் என்று தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அதற்கு அடுத்த தீபாவளிக்குள் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். பேச்சு வரும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்பாள்.

"அந்தக் குழாய்க்காரக எப்பலே வருவாக?"

நான் போய் ரோடு முக்கில் நின்று ஜீப் வருகிறதா என்று பார்ப்பேன். வரவில்லை. அம்மா போன பிறகும் கொஞ்ச நாள் நின்றேன். அவர்கள் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றுதான் அந்த வயசில் நினைத்தேன். அந்தக் குழாய் ஒரு பொட்டுத் தூசியையும் வெளியே எடுக்காது, நெஞ்சில் இன்னும் எவ்வளவு மூச்சு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிற சாமான் அது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தவர்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

போன மாசம் அந்தப் பையன் அதே மாதிரி ஒரு குழாயைத் தூக்கிக் காட்டி, இது சிகிச்சை கிடையாது, அளக்கிற கருவி என்று நல்ல தமிழில் விளக்கினான். எனக்கு அது எப்பவோ தெரியும். ஆனால் அவர்கள் வாயிலிருந்து கேட்டது அன்றைக்குத்தான். அந்த ஒரு வரியை ரேஷன் கடை முன்னால் நின்று சொல்லியிருக்கலாம்.

இப்போது இதையெல்லாம் புத்தகமாகப் போடுகிறார்கள். அச்சடிக்கிற ஆர்டர் என்னிடம்தான் வந்திருக்கிறது. நன்றி சொல்கிற பக்கத்தில் பேராசிரியர்கள் பேர் இருக்கிறது, அதிகாரிகள் பேர் இருக்கிறது, மண்டபம் கொடுத்ததற்கு என் பேரும் இருக்கிறது. மண்டபத்துக்கு எனக்கு நன்றி வேண்டாம். அன்றைக்கு ஊருக்கு இந்த ஆராய்ச்சியை விளக்கிச் சொன்னது யார்? நான். கல்லில் ஏறி நின்ற ஒன்பது வயசுப் பையன். என் ஆத்தா பேரைப் போட்டு, இன்னார் மகன் விளக்கினான், விளக்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள் என்று ஒரு வரி சேர்க்கணும். அந்த வரி வராமல் என் மெஷின் ஓடாது.